உட்கார ஒரு ஸ்டூல்

ஊர்வலம் முடிந்தது. கொடிகளைச் சுருட்டிக் கட்டியாயிற்று. ராத்திரி ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. சென்னைப் பட்டணத்தில் ஐந்து தோழர்கள் ஐந்து மணி நேரம் என்ன செய்வது?

கடற்கரைக்குப் போய் உழைப்பாளர் சிலையருகே சற்று உட்காரலாம் என்று நான் சொன்னேன். “சிலை எங்கே ஓடிப்போகுது தோழர், அடுத்த ஊர்வலத்துக்கும் அங்கேயேதானே இருக்கும்!” என்றார் ஒரு தோழர். எல்லோருடைய மனமும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி இரண்டு எட்டு வைத்தால் ரங்கநாதன் தெரு. அந்தப் பக்கத்தில் மாடி மேல் மாடியாக நிற்கும் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பட்டணத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் போகிற கடை அதுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

“செங்கொடி பிடித்தவனுக்குச் சீமான் கடையில் என்ன வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்வதைவிட, எங்களோடு வந்த திருத்துறைப்பூண்டி அக்கா சொன்னதையே சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தாண்டியவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். நாற்பது வருஷம் சேற்றில் நின்று நடவு நட்டவர்.

“எங்க ஆயி காலத்துல கடைத்தெருவுல ஜவுளி எடுக்கப் போனா, படிக்குக் கீழதான் நிக்கணும். அவன் ஒரு சேலையை மேலேருந்து எறிவான். தொட்டுப் பாத்து வேற ஒண்ணு கேட்டா, ‘உனக்கு இது போதாதா?’ம்பான். விலை அவன் சொன்னதுதான். கடன் நோட்டுல அவன் எழுதினதுதான். இங்க பாரு, எத்தனை சேலையை வேணுமின்னாலும் விரிச்சுப் பாத்துட்டு வேணாமுன்னு சொல்லலாம். எந்தத் தெருவுன்னு எவனும் கேக்க மாட்டான்.”

தோழர்களே, இது சின்ன விஷயமல்ல. வருஷத்துக்கு ஒரு வேட்டி, ஒரு சேலை என்று பண்ணையில் வீசியதைப் பொறுக்கிக் கட்டிய ஜனங்கள் நாம். சாணிப்பாலையும் சாட்டையடியையும் எதிர்த்துத் தோழர் சீனிவாசராவ் போன்றோர் சங்கம் கட்டினார்கள். அதன் பிறகுதான் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அந்த ஜனங்களின் மகள் இன்று குளிர்ந்த காற்று வீசும் மாளிகைக்குள் நெஞ்சு நிமிர்ந்து நுழைகிறாள். விலை சீட்டில் அச்சடித்திருக்கிறது, பேரம் கிடையாது, ஜில்லா கலெக்டர் வீட்டம்மாவுக்கும் அதே விலைதான். அந்தக் கடையை அவளுக்குப் பிடிப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எனக்கும் பிடிக்கும். ஒளிப்பானேன்?

ஆனால் விலை எப்படிக் குறைகிறது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. மூட்டை மூட்டையாக மொத்தக் கொள்முதல் செய்கிறான், ஒரு சேலையில் கொஞ்சமாக லாபம் வைத்து ஆயிரம் சேலை விற்கிறான் என்பது பாதி பதில். மீதிப் பாதி அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறது. அன்று அதைக் கண்ணால் பார்த்தோம்.

ஸ்டூல் யாருக்கு?

இரண்டாவது மாடி, சேலைப் பிரிவு. ஜனக் கூட்டம் திருவிழா மாதிரி. கவுண்டருக்கு முன்னால் வயசானவர்கள் உட்காருவதற்காக நாலைந்து ஸ்டூல்கள். அதில் ஒன்றில் அக்கா உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயசிருக்கும். ஒரே நிறச் சேலைச் சீருடை, நெஞ்சில் பெயர்ச் சீட்டு. சிரித்த முகத்தோடு ஒன்றை விரிக்கிறாள், மடிக்கிறாள், அடுத்ததை விரிக்கிறாள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் முப்பது சேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போயிற்று. அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்து மற்றக் காலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொண்டு, ஒற்றைக் காலில் கொக்கைப் போல நின்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார்.

“கால் வலிக்குதா ஆயி?”

“இல்ல பெரியம்மா.”

“பொய் சொல்லாதே. நாப்பது வருசம் நடவு நட்டவ நான். கால் வலி எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சா இருக்கே, எந்த ஊரு?”

வேதாரண்யத்துக்குப் பக்கத்து ஊர். அப்பா உப்பளத்தில் வேலை, அம்மா வயல் கூலி. 2018-ல் கஜா புயல் வீட்டுக் கூரையையும் கொல்லையிலிருந்த நாலு தென்னையையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. அப்போது ஏற்பட்ட கடன் ஏறிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டாவது முடித்ததும் தெருவில் ஏற்கெனவே கடை வேலைக்கு வந்திருந்த ஒரு அக்காளோடு ரயிலேறிவிட்டாள். கடைக்காரர்களின் ஹாஸ்டலில் தங்கல், அவர்கள் மெஸ்ஸில் சாப்பாடு. காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்கு வந்தால் இரவு பத்து மணிக்கு விடுதலை. பண்டிகைக் காலத்தில் அதற்கும் மேல். சாப்பாட்டுக்கு அரை மணி. இதையெல்லாம் அவள் சேலையை விரித்துக்கொண்டேதான் சொன்னாள். விரிக்காமல் பேசினால் மேலேயுள்ள காமிராவில் தெரியுமாம்.

“சித்த நீயும் உக்காரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லே” என்று சொல்லி, பக்கத்தில் காலியாக இருந்த ஸ்டூலை அக்கா தூக்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அந்தப் பெண் பாம்பைக் கண்டவளைப் போலப் பின்வாங்கினாள்.

அதற்குள் சூபர்வைசர் வந்துவிட்டார். “அம்மா, ஸ்டூல் கஸ்டமருக்கு மட்டும்.”

இந்த இடத்தில் நான் என் வாயைத் திறந்தேன். ஊர்வலத்தில் கோஷம் போட்ட தொண்டை இன்னும் சூடாகத்தான் இருந்தது. “ஐயா, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, தெரியுமா? வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார வசதி இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை செய்த சட்டம். எங்கே அந்த ஆசனங்கள்?” என்று கேட்டேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்கு உற்சாகம் ஏறிற்று. இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன்.

அவர் கோபிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, “சார், நானும் காலையிலேருந்து நின்னுகிட்டுத்தான் இருக்கேன்” என்றார். பிறகு அந்தப் பெண்ணின் பெயர்ச் சீட்டைப் பார்த்துக் கையிலிருந்த சிறு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

பில் போட்டுவிட்டுக் கீழே இறங்குகையில் அதே பெண் மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியில் எங்களைக் கடந்தாள். நிற்காமலே, மெதுவாகச் சொன்னாள்: “சார், நீங்க ராத்திரி ரயிலுக்குப் போயிருவீங்க. நான்தானே இங்க இருக்கணும்.”

இருபது வருஷமாக மேடையில் பேசி வருகிறேன். எத்தனையோ எதிரிகள் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெண்ணின் ஒரு வரிக்கு முன்னால் நான் நின்றதுபோல் எங்கும் நின்றதில்லை. அவள் பெயர் நோட்டில் ஏறியதற்கு நான்தான் காரணம். அபராதம் விழுந்ததா, வெறும் அதட்டலோடு போயிற்றா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

“நாங்க நிக்கறதில்லீங்களா?”

ரயிலில் விவாதம் தொடங்கிற்று. எங்களோடு வந்த கோவை மில் தோழர் கொஞ்சம் எரிச்சலோடுதான் இருந்தார். “ஏனுங்க தோழர், ஸ்பின்னிங்ல நாங்க நிக்கறதில்லீங்களா? பிரேமுக்கும் பிரேமுக்கும் நடுவுல எட்டு மணி நேரம் நடந்துக்கிட்டே இழை கட்டறோம். பஞ்சு மூக்குல போகுது. குளிர் அறையில சிரிச்சுக்கிட்டு நிக்கற வேலைக்கு நாம கண்ணீர் விடணுமா?” என்றார். நாகைப் பக்கத்து வாலிபத் தோழர்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் தலையாட்டினார்கள். குனிந்தே களை பறிக்கிறவனுக்கு நிற்பதே ஒரு சுகம்தானே!

அவர் கோபத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தோழரே, 1948-ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தில் 44-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியிருக்கும் தொழிலாளர்கள், வேலையின் நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்காருவதற்குத் தக்க ஏற்பாடு இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். பாக்டரி என்றால் உங்கள் பஞ்சாலையும்தான். உங்கள் தகப்பனார் காலத்திலிருந்தே அந்த உரிமை காகிதத்தில் இருந்தது. உங்கள் மில்லில் எத்தனை ஸ்டூல் பார்த்திருக்கிறீர்கள்?

மில் தோழர் வெகுநேரம் பேசவில்லை. அரக்கோணம் பக்கத்து மில் ஒன்றிலும், கோவையிலும் வேலை பார்த்தவர். பிறகு, “ஆபீஸ்ல மேனேஜர் நாற்காலி ஒண்ணு பார்த்திருக்கேனுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவரே, “அப்ப அந்தப் பொண்ணுக்கு இல்லாத ஸ்டூலும் எனக்கு இல்லாத ஸ்டூலும் ஒண்ணுதானுங்க” என்றார்.

கொஞ்சம் பழைய கதையையும் பார்ப்போம். இங்கிலாந்தில் பெரிய ஜவுளிக்கடைகள் முளைத்த காலத்தில் அங்கேயும் சிப்பந்திகளை முதலாளியே கொட்டடியில் தங்க வைத்தான், அவனே சோறு போட்டான், தொட்டதற்கெல்லாம் அபராதம் போட்டான். ரங்கநாதன் தெரு ஹாஸ்டல் நம் ஊர்க் கண்டுபிடிப்பல்ல, லண்டன் சரக்கு! அங்கே 1899-ல் ஒரு சட்டம் வந்தது: கடையில் மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் ஆசனமாவது இருக்கவேண்டும். நம் தமிழ்நாட்டில் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இதற்கான பிரிவைச் சேர்க்க மசோதா வந்தது 2021 செப்டம்பரில். நூற்றிருபத்திரண்டு வருஷம் பின்னால்!

வந்ததை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல சட்டம். எல்லாச் சிப்பந்திகளுக்கும் என்று சொல்கிறது, பெண்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சூபர்வைசருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அதிலே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்காரலாம் என்கிறது. சந்தர்ப்பம் எப்போது கிடைத்தது என்று தீர்மானிப்பவன் யார்? முதலாளியின் கண்ணாகிய காமிரா. கூட்டம் இருந்தால் ‘கூட்டம் இருக்கிறது, நில்’ என்பான். கூட்டம் இல்லாவிட்டால் ‘வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நில்’ என்பான். சட்டம் கொடுத்த ஸ்டூலை மேஸ்திரியின் பார்வை பிடுங்கிக்கொள்கிறது.

ஸ்டூலைவிடப் பெரிய சங்கதி நேரம். அதே 1947 சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து மணிக்கு மேல், வாரத்துக்கு 54 மணிக்கு மேல் கூடாது. அந்த ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். ஒன்பதரை முதல் பத்து வரை எத்தனை மணி என்று உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேளுங்கள். 2023 ஏப்ரலில் பாக்டரிகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது நாம் எப்படிக் கொதித்தோம்! எல்லாச் சங்கங்களும் ஒன்றாக எழுந்தன, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. மில்லுக்குள் வரவிடாமல் நாம் தடுத்த பன்னிரண்டு மணி நேரம், நம் பிள்ளைகள் நிற்கிற கவுண்டரில் மசோதாவே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. மில்லுக்குச் சங்கம் இருக்கிறது, கவுண்டருக்கு இல்லை. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைச் சிப்பந்திகளான பெண்களுக்கு ஒன்றுக்குப் போகக்கூட இடமில்லை. தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழித்தார்கள், நோயை வாங்கிக்கொண்டார்கள். அங்கே தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி முன்னின்று ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைக் கட்டினார். முதலில் கழிப்பிடத்துக்காகப் போராட்டம், பிறகு உட்காருவதற்காகப் போராட்டம். 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பெண்கள், விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், கடை வாசலில் ‘இருப்பு சமரம்’ தொடங்கினார்கள். அதாவது, உட்காருகிற உரிமைக்காக உட்கார்ந்து போராடினார்கள்! நூறு நாளுக்கு மேல் அது நடந்தது. 2018-ல் கேரள சர்க்கார் சட்டத்தைத் திருத்திற்று. அங்கே சட்டம் வருவதற்கு முன் போராட்டம் வந்தது. அதனால் ஸ்டூலில் உட்காரத் தெரிந்தவர்கள் கடைக்குள்ளேயே இருந்தார்கள். இங்கே பெரும்பாலான கடைகளுக்குள் சங்கம் என்ற சொல் நுழைவதற்கு முன்னாலேயே சட்டம் வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து திறக்க ஆள் வேண்டும்.

அப்படியானால் அந்தக் கடைக்குப் போகாதே என்று சொல்லலாமா? எங்கள் வாலிபத் தோழர் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பகிஷ்காரம்! எனக்குச் சம்மதமில்லை. 2010-ல் ‘அங்காடித் தெரு’ என்ற சினிமா வந்தபோது இந்தத் தெருச் சிப்பந்திகளின் கதையைப் பார்த்து நம்மில் பலர் கண்ணீர் விட்டோம். அடுத்த தீபாவளிக்கு அதே தெருவில் துணி எடுத்தோம். நானும்தான். கண்ணீரும் சரி, ஒரு நாள் ரோஷமும் சரி, கவுண்டருக்குப் பின்னால் போய்ச் சேர்வதில்லை. நாம் நாலு பேர் போகாமலிருந்தால் முதலாளிக்கு நஷ்டமில்லை. அந்தப் பெண்ணோடு பேசக் கிடைத்த ஐந்து நிமிஷம்தான் நமக்கு நஷ்டம். மேலும், குறைந்த விலைக்குத் துணி எடுப்பது ஏழையின் குற்றமா? நாள் கூலிக்காரி 650 ரூபாய்க்குச் சேலை தேடுவது, அவளுக்கும் கூலி குறைவு என்பதால்தானே! பருத்திக் காட்டிலே குறைந்த கூலி, நூற்பாலையிலே குறைந்த கூலி, தறியிலே குறைந்த கூலி, கவுண்டரிலே குறைந்த கூலி. எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சேலையின் மலிவு விலை.

எங்கே பிழை என்றால், நான் பிடித்த முனை பிழை. ஒரு வாடிக்கைக்காரன், அதுவும் ராத்திரி ரயிலில் போகிறவன், கடைக்குள்ளே நின்று சட்டம் பேசினால் அவன் வீரன் ஆகிறான், பெண்ணின் பெயர் நோட்டில் ஏறுகிறது. அந்தப் பெண் எங்கே பயமில்லாமல் பேசுவாள்? காமிரா இல்லாத இடத்தில். ஹாஸ்டலில் காவல்காரன் இருக்கிறான், கடையில் சூபர்வைசர் இருக்கிறார். அவளுடைய சொந்தத் தெருவில் யாருமில்லை. அங்கே நம்முடைய சங்கம் இருக்கிறது! அவளுடைய தாய் நம்முடைய உறுப்பினராக இருக்கலாம். இருபது, முப்பது வருஷமாக நாம் கூலிக்காகப் போராடிய அதே தெருக்களிலிருந்துதான் பிள்ளைகள் ரயிலேறிப் பட்டணத்துக் கவுண்டர்களுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். எங்கே போனார்கள், எந்தக் கடை, எத்தனை மணி, என்ன சம்பளம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிற கிளை எத்தனை? எங்கள் ஜில்லாவில் நான் கேட்டவரை ஒன்றுமில்லை. முதலாளியின் சூபர்வைசரிடம் நோட்டு இருக்கிறது. நம்மிடம் இல்லை.

தொழிலாளர் துறையிடம் மனுக் கொடுப்பதும் வேண்டியதுதான். ஒரு பெண்ணின் பெயரில் அல்ல, சங்கத்தின் பெயரில், பண்டிகைக்கு முன்னால், தெரு முழுவதையும் சோதனை போடச் சொல்லி. அதைச் சென்னைத் தோழர்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோவை மில் தோழர் ஊர் போய்ச் சேர்ந்த மறு வாரமே தம்முடைய மில் கேட் கூட்டத்தில் ஸ்டூல் விஷயத்தைப் பேசியிருக்கிறார். முதலில் சிரித்தார்களாம். பிறகு ஒரு வயசான தொழிலாளி முழங்காலுக்குக் கீழே சுருண்டு புடைத்திருந்த நரம்பை வேட்டியைத் தூக்கிக் காட்டினாராம். அதன் பின் யாரும் சிரிக்கவில்லையாம்.

திருத்துறைப்பூண்டி அக்கா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வேதாரண்யத்துப் பக்கம் போய் வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் தாயைக் கண்டுபிடித்து, திண்ணையில் உட்கார்ந்து, தான் எடுத்த சேலையைக் காட்டி, “உன் மவ கையால விரிச்சுக் கொடுத்தது” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாய் சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். மகளுக்கு அந்த மாதச் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள் என்ற சேதியும் அங்கேதான் அக்காவுக்குத் தெரிந்தது. அந்தத் தெரு ஒன்றிலிருந்து மட்டும் பதினோரு பெண்கள் சென்னைக் கடைகளில் இருக்கிறார்களாம்.

நான் அடுத்த வாரமே போய்க் கூட்டம் போட்டுவிடலாம் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தீவாளி வியாபாரம் முடியாம ஒருத்தியையும் விட மாட்டானுவ. பொங்கலுக்கு வருவாளுவ. ரெண்டு நாள் கால் நீட்டித் தூங்கட்டும். மூணாம் நாளு நீ வா. மைக்கு வேணாம். பாய் கொண்டு வா, எல்லாரும் உக்காரணும்.”